கேமரா பையோடு விமானம்: செக்யூரிட்டியில் எதைக் கவனிக்கணும்?

கேள்வி, 6 ஜூலை 2025

ஆகஸ்ட்ல சென்னையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து யால தேசியப் பூங்கா போறேன். திரும்பறது யாழ்ப்பாணத்திலிருந்து, சின்ன ஃப்ளைட். கையில நிக்கான் டி850, 24-70, 70-200, 200-500, ஒரு ஃப்ளாஷ், நாலு பேட்டரி, ட்ரைபாட். எக்ஸ்ரேல போனா சென்சார் அடி வாங்கும், கார்டுல இருக்கிற படம் போயிடும்னு கடைக்காரர் சொல்றார். எல்லாத்தையும் செக்-இன்ல போட்டுடலாமா அக்கா? வெளிநாடு இதுதான் முதல் தடவை.

6 ஜூலை, இரவு

ஒரு லென்ஸைக்கூட செக்-இன்ல போடாதீங்க தம்பி. எக்ஸ்ரே டிஜிட்டல் சென்சாரை ஒன்றும் செய்யாது, கார்டில் இருக்கும் படத்தையும் தொடாது. அந்தப் பயம் பிலிம் காலத்திலிருந்து வருகிறது. பிலிமுக்கு இன்றும் அது உண்மை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நான் கல்யாண வேலைக்கும் காட்டுக்கும் கேமரா தூக்குகிறவள். பறக்கத் தொடங்கியதிலிருந்து கவனித்து வருகிறேன்: பொருள் கெட்டுப்போவதும் தொலைந்துபோவதும் பையும் நாமும் பிரிகிற இடங்களில்தான். எடை பார்த்து ‘இதை உள்ளே அனுப்பிடுங்க’ என்கிற கவுன்ட்டர் ஒன்று. ட்ரே ஒரு வழி, நாம் ஒரு வழி போகிற செக்யூரிட்டி இன்னொன்று. விமானத்தின் வாசலிலேயே பையை வாங்கிக்கொள்வது மூன்றாவது. உங்கள் பட்டியலையும் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றையும் நீங்கள் சந்திக்கப்போகிறீர்கள். ஒவ்வொன்றாக எழுதுகிறேன், வேலைக்கு நடுவே எழுதுவதால் முன்பின்னாக வரும்.

7 ஜூலை

முதலில் எடை. டி850 பேட்டரியோடு 1005 கிராம். 24-70 எஃப் 2.8 வி.ஆர். 1070. 70-200 எஃப்.எல். 1430. 200-500 அதன் ட்ரைபாடில் மாட்டும் காலோடு 2300. கூட்டினால் 5 கிலோ 805 கிராம். கைப்பைக்கு எகானமியில் 7 கிலோ. மிச்சமிருக்கும் 1 கிலோ 195 கிராமில் பையின் எடை, ஃப்ளாஷ், சார்ஜர், மாத்திரை மருந்து எல்லாம் அடங்க வேண்டும். நல்ல பேடிங் வைத்த பேக்பேக் காலியாகவே 2 கிலோ வரும். ஆகவே அடங்காது.

24-70-ஐ வீட்டில் வையுங்க. யாலயில் ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டார்கள், சிறுத்தைக்கும் கரடிக்கும் அந்த லென்ஸ் உதவப்போவதில்லை. ஊர், கோயில், சாப்பாடு எடுக்க 50 எம்.எம். எஃப் 1.8 ஜி போதும், அதன் எடை 185 கிராம். அங்கேயே 885 கிராம் குறைந்துவிட்டது.

ட்ரைபாடும் வேண்டாம். ஜீப்புக்குள் அதை விரிக்க இடம் இருக்காது. தடித்த துணியில் ஜிப் வைத்த காலிப் பை ஒன்று தைத்துக் கொண்டுபோங்க. யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவில் கடையில் அரிசி வாங்கி நிரப்பினால் பீன்பேக் தயார். ஜீப்பின் கம்பி மேல் வைத்து 200-500-ஐ அதில் சாய்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது அரிசியை டிரைவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்க. விமானத்தில் அதன் எடை ஒரு கைத்துணி அளவுதான்.

இன்னொன்று. கைப்பைக்கு மேல் தனியாகக் கொண்டுபோகலாம் என்று பல நிறுவனங்களின் விதிகளில் ஒரு பழைய பட்டியல் உண்டு: பெண்களின் ஹேண்ட்பேக், ஓவர்கோட், குடை, கைக்குழந்தையின் உணவு, அப்புறம் ஒரு சிறிய கேமரா அல்லது பைனாகுலர். கழுத்தில் தொங்கும் ஒரு பாடியும் சின்ன லென்ஸும் அந்த வரியில்தான் எடை பார்க்காமல் தாண்டுகின்றன. நீங்கள் போகிற நிறுவனத்தின் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்க. கவுன்ட்டரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அதனால் அது இல்லாமலேயே 7 கிலோவுக்குள் இருப்பதுதான் நிம்மதி.

7 ஜூலை, மாலை

ஒருவர் பெலிக்கன் 1510 பெட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். பெட்டி இரும்பு மாதிரி உறுதி, கைப்பை அளவுக்கென்றே செய்தது. ஆனால் ஃபோமோடு காலி எடையே 6 கிலோவுக்கு மேல். 7 கிலோ வரம்பு வைத்து நிறுத்துப் பார்க்கிற ஊரில் அதற்குள் ஒரு பாடி வைக்கக்கூட இடமில்லை. எடையைக் கண்டுகொள்ளாத நிறுவனங்களில் பறப்பவர்களுக்கு அது பொருந்தும்.

9 ஜூலை

பேட்டரி. இதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது.

உதிரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் இருந்தால் ஸ்கேனரில் தெரிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், நீங்கள் அதற்குள் கேட்டுக்குப் போயிருந்தால் பெட்டி உங்களோடு வராது. காரணம் எளிது. சரக்கு அறையில் ஹாலான் வாயு அடித்துத் தீயை அடக்குவார்கள். லித்தியம் செல்லுக்குள் சூடு தானே சூட்டை வளர்க்கத் தொடங்கிவிட்டால் ஹாலானால் அதை நிறுத்த முடியாது. கேபினில் நடந்தால் ஆள் இருக்கிறார்கள், தண்ணீர் இருக்கிறது.

கணக்கு இது: வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர். 100 வாட் அவர் வரை யாரையும் கேட்க வேண்டாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது.

உங்கள் இ.என்.-இ.எல்.15சி 7 வோல்ட், 2280 எம்.ஏ.ஹெச். அதாவது 16 வாட் அவர். நாலு இல்லை, எட்டு இருந்தாலும் பெரிய விஷயமில்லை. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74. கல்யாணக்காரர்களிடம் இருக்கும் கோடாக்ஸ் ஏ.டி.600 ப்ரோ ஃப்ளாஷின் பேட்டரி 28.8 வோல்ட், 2600 எம்.ஏ.ஹெச்., கிட்டத்தட்ட 75. பார்க்கச் செங்கல் போல இருப்பதால் கையில் எடுத்துப் புரட்டுவார்கள், ஆனால் விதிக்குள்தான் இருக்கிறது.

புரட்டுகிறவர் தேடுவது லேபிளில் அச்சடித்த எண்ணை. வியர்வையிலும் உரசலிலும் அந்த எண் அழிந்துபோன பவர் பேங்கை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. புதிதாக வாங்கிய அன்றே லேபிள் மேல் கண்ணாடி டேப் ஒட்டிவிடுங்க. பேட்டரியின் உலோக முனைகள் சாவியிலோ சில்லறையிலோ படக்கூடாது. நிக்கான் பேட்டரியோடு வருகிற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிந்தவர்கள் முனையில் டேப் ஒட்டுங்க. ஃப்ளாஷில் போடும் ரீசார்ஜ் ஆகும் டபுள் ஏ செல்களுக்கும் இதே கவனம் வேண்டும், பெட்டியில் அடுக்கிப் போடுங்க.

10 ஜூலை

எக்ஸ்ரே மெஷினின் பெல்ட். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி ஆண்கள் எழுதும் குறிப்புகளில் எங்கள் பாதி இருப்பதே இல்லை.

இந்திய விமான நிலையங்களில் பெண்களைச் சோதிப்பது திரை போட்ட தனி அறையில், பெண் காவலர்தான் சோதிப்பார். அது சரியான ஏற்பாடு, மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல இடங்களில் நாலைந்து ஆண் வரிசைக்கு ஒரு பெண் அறைதான். பை எக்ஸ்ரேக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்றுவிடும். நான் இன்னும் திரைக்கு வெளியே, குழந்தையோடு நிற்கும் அம்மாவுக்கும் சக்கர நாற்காலிப் பாட்டிக்கும் பின்னால். திரைக்குள் போய்விட்டால் பெல்ட்டே கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மூன்று நான்கு லட்ச ரூபாய்ப் பொருள் உருளையின் மேல் ஆளில்லாமல் கிடக்கும்.

ஒரு முறை நான் வெளியே வந்தபோது வயதான ஒருவர் என் பையை மாட்டிக்கொண்டு கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தார். திருடர் இல்லை, பாவம். அவருடைய லேப்டாப் பையும் கறுப்பு, அதே அளவு. கூப்பிட்டுச் சொன்னதும் பதறிப்போய்விட்டார். அன்றிலிருந்து என் பையின் கைப்பிடியில் அடர்மஞ்சள் துணி ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது. பத்தடி தூரத்திலிருந்து தெரியும், மற்றவரும் தன்னுடையது என்று நினைக்கமாட்டார்.

இப்போது நான் செய்வது: எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்யும் முன் பெண்கள் அறையின் முன்னால் எத்தனை பேர் என்று பார்க்கிறேன். செருப்பு, துப்பட்டா, தண்ணீர் பாட்டில் இருக்கிற ட்ரேயை முதலில் விடுகிறேன். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் வருபவர்களை ‘நீங்க போங்க’ என்று அனுப்புகிறேன். எனக்கு முன் ஒருவர்தான் என்றானதும் கேமரா ட்ரேயை வைக்கிறேன். பெல்ட் பக்கம் நிற்கும் காவலரிடம் ‘லேடீஸ் லைன் நகரட்டும் சார், அப்புறம் வைக்கிறேன்’ என்று சொன்னால் போதும், யாரும் கோபித்ததில்லை. ஆண்களுக்கும் இது உதவும்: மெட்டல் டிடெக்டர் வரிசை நின்றுபோயிருந்தால் கேமராவைக் கையை விட்டு அனுப்பாதீங்க.

அடுத்தது, எத்தனை ட்ரே. கேமராவை வெளியே எடுக்கச் சொல்வார்கள், சில இடத்தில் லென்ஸையும். பாடி ஒரு ட்ரே, லென்ஸ் இரண்டு ட்ரே, சார்ஜர் ஒரு ட்ரே என்று சிதறினால் அந்தப் பக்கம் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கும். பேக்பேக்குக்குள் போகிற பேடிங் இன்சர்ட்டைத் தனியாகத் தூக்கும்படி வைத்திருந்தால், அதை அப்படியே திறந்து ஒரே ட்ரேயில் வைத்துவிடலாம். எல்லாம் ஒரே அடுக்காக இருக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம். பெரிய லென்ஸில் கண்ணாடியும் உலோகமும் பல அடுக்கு. திரையில் அது அடர்ந்த திட்டாகத் தெரியும். அதன் கீழே இன்னொரு பொருள் இருந்தால் அவர்களுக்கு ஊடுருவிப் பார்க்க முடியாது, திரும்ப ஓட்டுவார்கள் அல்லது பையைக் கொட்டச் சொல்வார்கள். அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். அடுக்கைப் பிரித்து வைத்தால் அந்தச் சந்தேகமே வராது.

200-500-ஐ பாடியில் மாட்டியபடி ட்ரேயில் வைக்காதீங்க. உருளை முடிகிற இடத்தில் ட்ரே ட்ரேயை இடிக்கும், அந்த எடை மவுண்ட்டில் இறங்கும். கழற்றி, மூடி போட்டு, படுக்க வையுங்க.

பாடியில் சார்ஜ் உள்ள பேட்டரி இருக்கட்டும். ஆன் செய்து காட்டச் சொல்வதுண்டு. 2014 ஜூலையில் அமெரிக்கா, தன் நாட்டுக்கு வரும் சில விமானங்களில் ஆன் ஆகாத மின்னணுப் பொருளை ஏற்றக்கூடாது என்றே விதி போட்டது. பேட்டரி எல்லாவற்றையும் பத்திரமாகத் தனிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, காலி பாடியை நீட்டிக்கொண்டு நின்றால் வரிசை முழுக்கக் காத்திருக்கும்.

13 ஜூலை

உதிரிப் பொருள்கள்.

தூசு ஊதும் ரப்பர் ப்ளோயர் கையில் போகலாம். ஆனால் ராக்கெட் உருவத்தில், அடியில் மூன்று இறக்கையோடு வருவது திரையில் பார்த்தவருக்கு ஒரு நொடி திக்கென்று இருக்கும். இது என்ன என்று என்னிடம் கேட்ட காவலர் ஒருவர், சொன்னதும் தன் முகத்தில் ஒரு தடவை ஊதிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் முகத்திலும் ஊதிவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். மே மாத வெயில் அது.

அழுத்தி அடைத்த காற்று டப்பா மட்டும் கூடவே கூடாது, கையிலும் பெட்டியிலும். லென்ஸ் துடைக்கும் திரவம் சின்னப் பாட்டில், சர்வதேசப் பயணத்தில் 100 மில்லிக்குள், மற்ற திரவங்களோடு தெளிவான பையில். ஸ்க்ரூடிரைவர், மடக்குக் கத்தி உள்ள டூல் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. ட்ரைபாட் பிளேட்டை முடுக்கும் சின்ன ஆலன் கீயைக்கூட ஓர் ஊரில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அடியில் மடக்கு வளையம் உள்ள ஸ்க்ரூ வாங்கிவிட்டால் கருவியே வேண்டாம், விரலால் முடுக்கலாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை யாரும் கேட்பதில்லை. சென்னைக்காரர்கள் அதை மறக்கவே கூடாது.

16 ஜூலை

> ட்ரை-எக்ஸ் 400 பத்து ரோல் எடுத்துக்கிட்டு ஐரோப்பா போறேன். ஈயப் பை வாங்கினா போதுமா?

போதாது. பிலிம் பற்றி இப்போது முன்னைவிடக் கவனம் வேண்டும்.

பழைய எக்ஸ்ரே மெஷின் ஒரு கோணத்திலிருந்து மெல்லிய கதிரைக் காட்டி ஒரு படம் எடுக்கும். ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளியை உணரும் வேகம், 800க்குக் கீழே உள்ள பிலிம் ஓரிரு முறை அதில் போனால் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் ஆகாது. புதிதாக வருவது சி.டி. ஸ்கேனர். மருத்துவமனையில் இருப்பது போலப் பையைச் சுற்றிச் சுற்றிப் பல கோணத்தில் எடுத்து முப்பரிமாணமாகக் காட்டும். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்கிற ஊர்களில் பெரும்பாலும் இதுதான், ஆம்ஸ்டர்டாம் ஷிபோல் அப்படி. இதில் ஒரே ஒரு தடவை போனாலே பிலிம் புகைமூட்டம் அடையும், எந்த வேகமானாலும் சரி. கோடாக், இல்ஃபோர்ட் இரண்டுமே சி.டி.யில் விடாதீர்கள் என்று சொல்கின்றன. பாதிப்பு கூடிக்கொண்டேயும் போகும்: முதல் ஊரில் வாங்கிய அடியோடு இரண்டாவது ஊரின் அடி சேரும். நிழல் பகுதி சாம்பலாகி, கறுப்பு கறுப்பாக இருக்காது. கழுவிய பிறகுதான் தெரியும்.

செக்-இன் பெட்டி அதைவிட மோசம். அங்கே இருக்கும் மெஷின்கள் பல வருடமாகவே வலுவான கதிர்.

ஈயப் பை திரையில் கறுப்பாகத் தெரியும். தெரிந்ததும் பையைத் திறக்கச் சொல்வார்கள். எப்படியும் திறந்து காட்டப்போகிறோம், முதலிலேயே காட்டுவது நல்லது. அட்டைப் பெட்டியிலிருந்து ரோல்களை எடுத்து, தெளிவான ஜிப் பையில் போட்டு, கையில் பிடித்துக்கொண்டு, ட்ரேயில் வைக்கும் முன்பே ‘ஹேண்ட் செக் பண்ணுங்க’ என்று கேளுங்க. அமெரிக்காவில் அது பயணியின் உரிமை, பிலிமையும் கேமராவையும் எக்ஸ்ரேயில் விடாமல் கையால் சோதிக்கக் கேட்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. இந்தியாவில் அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை, இருப்பவரின் நல்ல மனசுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் அந்த மனசு கொஞ்சம் அகலமாக இருக்கும்.

கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருந்தால் முடித்துவிட்டு வெளியே எடுங்க. கேமராவைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

முடிந்தால் போகிற ஊரிலேயே பிலிம் வாங்கி, அங்கேயே கழுவிவிட்டு வாங்க. கழுவிய நெகட்டிவ்வை எந்த எக்ஸ்ரேயும் தொடாது.

17 ஜூலை

நேற்றையதற்குச் சேர்க்கை. இன்ஸ்டாக்ஸும் பிலிம்தான். வரவேற்பு மேடையில் வைத்து எடுக்கிற இன்ஸ்டாக்ஸ் மினி 800 ஐ.எஸ்.ஓ. வெளியூர்க் கல்யாணத்துக்கு இருபது பெட்டி அடுக்கி செக்-இன்ல போடுகிறவர்களைப் பார்க்கிறேன். மணப்பெண்ணின் படத்தில் மங்கல் விழுந்தால் கேமரா சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையில் கொண்டுபோங்க, உறையைப் பிரிக்காமல் காட்டுங்க.

20 ஜூலை

தம்பி, செக்யூரிட்டியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில் கஸ்டம்ஸ் விட்டுப்போகக் கூடாது. நாலைந்து லட்சப் பொருளோடு திரும்பி வரும்போது, இது இங்கே வாங்கியதா அங்கே வாங்கியதா என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கிளம்பும் அன்று, பெட்டியைப் போடும் முன்பே, புறப்பாட்டுப் பகுதியில் உள்ள கஸ்டம்ஸ் அதிகாரியிடம் போய் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் கேளுங்க. பாடி, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணோடு எழுதிக் கொடுப்பார்கள். திரும்பும்போது அந்தத் தாள்தான் சாட்சி. சீரியல் எண்களை வீட்டிலேயே தாளில் தட்டச்சு செய்து கொண்டுபோனால் அவருக்கும் வேலை குறையும். பில் இருந்தால் அதன் நகல். பழைய பொருள், பில் எங்கே என்று தெரியாது என்பவர்களுக்கு இந்தச் சர்டிஃபிகேட் இன்னும் அவசியம். இதற்காக வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்க.

சம்பள வேலைக்காக வெளிநாட்டுக்குப் பெரிய செட்டாகக் கொண்டுபோகிறவர்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்று ஒரு தற்காலிகக் கஸ்டம்ஸ் ஆவணம் உண்டு, இந்தியாவில் வர்த்தகச் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி கொடுக்கிறது. ஓர் ஆளின் பைக்கு அது தேவையில்லை.

28 ஜூலை

ட்ரோன் பற்றிக் கேட்டவருக்கு: வீட்டில் வையுங்க. இலங்கையில் முன்அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, தேசியப் பூங்காக்களில் கிடையவே கிடையாது. திரும்பும்போது இங்கே வேறு சிக்கல், 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை. பையில் அந்த இடத்துக்கு இன்னொரு கார்டு பெட்டி வையுங்க.

19 ஆகஸ்ட்

தம்பி திரும்பி வந்து செய்தி அனுப்பினார். இரண்டு சிறுத்தை, ஒரு கரடி. கரடி பாலைப் பழம் தின்றுகொண்டிருந்ததாம். படம் போடுங்க, காத்திருக்கிறேன்.

விமான வாசலில் பையை வாங்கிக்கொள்வது என்று நான் சொன்ன மூன்றாவது, நினைத்தபடியே யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் நடந்திருக்கிறது. சென்னை–யாழ்ப்பாணம் பறப்பது ஏ.டி.ஆர். 72. இறக்கை மேலே, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை, தலைக்கு மேலே உள்ள பெட்டி ஏர்பஸ்ஸில் இருப்பதைவிட மிகச் சின்னது. ட்ராலி உள்ளே போகாது. ஏணிக்குக் கீழேயே பையை வாங்கி டேக் கட்டிப் பின்னால் ஏற்றிவிடுவார்கள். தூத்துக்குடி, சேலம் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அவர் பையில் இன்சர்ட்டைத் தனியாகத் தூக்கும்படி வைத்திருந்தார். பாடி, 200-500, கார்டு, பேட்டரி எல்லாம் அந்த இன்சர்ட்டோடு மடியில் வந்துவிட்டன. சட்டை துணியோடு வெளிப்பை மட்டும் பின்னால் போனது. பக்கத்து இருக்கைக்காரர் ஒருவரிடம் ட்ராலியை வாங்கும்போது உள்ளே பவர் பேங்க் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையாம், தம்பிதான் சொல்லி எடுக்க வைத்திருக்கிறார். ரொம்ப நல்ல காரியம். வாசலில் பையைக் கொடுக்கிற நொடியில் அது செக்-இன் பெட்டியாகிவிடுகிறது, பேட்டரி விதியும் கூடவே மாறுகிறது.

கேட்டில் கட்டாயமாகப் பையைக் கேட்டால் நஷ்ட ஈடு கிடைக்குமே என்று ஒருவர் எழுதியிருந்தார். மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி சர்வதேசப் பயணத்தில் பெட்டிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), 2024 டிசம்பர் 28இலிருந்து. நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்குள்தான். டி850-ம் இரண்டு லென்ஸும் அதைத் தாண்டும். போதாததற்கு, கேமரா போன்ற உடையும் பொருளை செக்-இன்ல வைத்தால் பொறுப்பில்லை என்று நிறுவனங்களின் விதிகளில் எழுதியிருக்கும். கேமராவுக்குத் தனிக் காப்பீடு எடுப்பதுதான் வழி. எடுக்கும்போது விமானப் பயணமும் வெளிநாடும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

4 செப்டம்பர்

இது கொஞ்சம் விலகல். முதல் நாள் எக்ஸ்ரே சென்சாரை ஒன்றும் செய்யாது என்று எழுதினேன், அது அப்படியே நிற்கிறது. ஆனால் நீண்ட பயணம் முடிந்து இருட்டில் எடுத்தால் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது, செக்யூரிட்டி மெஷின்தான் காரணம் என்று ஒரு வீடியோகிராஃபர் உறுதியாகச் சொல்கிறார். புள்ளி உண்மையாக இருக்கலாம், காரணம் வேறு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் சென்சாரின் ஒரு பிக்சலைத் தாக்கினால் அது நிரந்தரமாக ஒளிர ஆரம்பிக்கும். தரையில் வளிமண்டலம் நம்மைக் காக்கிறது. 35,000 அடியில் அந்தப் போர்வை மெல்லிசு, துருவப் பக்கம் போகும் பாதையில் இன்னும் அதிகம். தொழில்முறை வீடியோ கேமராக்களின் கையேட்டில் காஸ்மிக் கதிரால் வெள்ளைப் புள்ளி வரலாம் என்று அச்சிட்டே இருப்பார்கள். பல கேமராவில் பிக்சல் மேப்பிங் என்ற மெனு அந்தப் புள்ளியை மறைத்துவிடும், இல்லையென்றால் சர்வீஸில் செய்வார்கள். விமானம் ஏறாமலே இருந்தாலும் சில வருடத்தில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும்.

25 அக்டோபர்

ஜூலை 9 குறிப்பில் பேட்டரி கையில் வர வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போது அது பத்தாது என்று தோன்றுகிறது. கையில் என்றால் எங்கே?

அக்டோபர் 19 டெல்லியிலிருந்து திமாபூர் கிளம்ப ஓடுபாதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானத்தில், இருக்கைப் பையில் இருந்த பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணெதிரே இருந்ததால் அணைக்க முடிந்தது. ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் தீ தொடங்கியது தலைக்கு மேலே உள்ள பெட்டிப் பக்கம். எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள், விமானம் எரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் கொரியா மார்ச் 1 முதல் பவர் பேங்க்கை மேலே வைக்கக்கூடாது என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதலும் எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடுத்திருக்கின்றன.

ஆகவே என் வழக்கத்தை மாற்றிவிட்டேன். முன்பு பேட்டரிப் பெட்டி கேமரா இன்சர்ட்டுக்குள், பை மேலே. இப்போது பேட்டரியும் பவர் பேங்க்கும் இடுப்பில் கட்டும் சின்னப் பையில், முன் இருக்கைக்குக் கீழே. வாசலில் பையைக் கேட்டாலும் தேடி எடுக்க வேண்டியதில்லை, இரண்டு வேலை ஒன்றாகிவிட்டது. உப்பிய பேட்டரி எதுவும் பயணத்துக்கே வேண்டாம். மூடி சரியாகப் பொருந்தவில்லை, பாடியிலிருந்து எடுக்கும்போது இறுகுகிறது என்றாலே ஒதுக்கிவிடுங்க, பத்தாயிரம் ரூபாய் பேட்டரியாக இருந்தாலும்.

2 நவம்பர்

> ஜனவரியில ஸ்ரீநகர், பனி எடுக்க. அங்க ரொம்பக் கெடுபிடியாமே?

கெடுபிடி இருக்கிறது, நேரத்தை அதற்கென்று ஒதுக்கினால் சிரமம் இல்லை. ஸ்ரீநகரில் டெர்மினலுக்கு வெகு முன்பே, வெளி வாசலிலேயே வண்டியிலிருந்து இறக்கி எல்லாப் பெட்டியையும் எக்ஸ்ரேயில் விடுவார்கள். அங்கேயே பனி, சேறு, கூட்டம். இன்சர்ட்டை அங்கே திறக்க நேர்ந்தால் லென்ஸ் மூடியெல்லாம் போட்டிருக்கட்டும். உள்ளே மறுபடி சோதனை. மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்க.

பழைய பயணிகள் அங்கே கைப்பையிலிருந்து பேட்டரியை எடுத்துப் பெட்டியில் போடச் சொன்னதை நினைவுபடுத்துவார்கள். அது சாதாரண செல் காலத்து வழக்கம். அப்படி யாராவது சொன்னால் ‘இது லித்தியம் சார், பெட்டியில் போடக்கூடாது’ என்று பணிவாகச் சொல்லி, லேபிளைக் காட்டி, மேலதிகாரியைக் கேளுங்க. சத்தம் போட வேண்டாம், இரண்டு விதிக்கு நடுவில் நிற்பது அவரும்தான்.

குளிரிலிருந்து சூடான டெர்மினலுக்குள் நுழைந்ததும் பையைத் திறக்காதீங்க, லென்ஸில் ஈரம் படியும். செக்யூரிட்டியில் திறந்தே ஆக வேண்டும் என்பதால், வெளியே கேமராவை ஒரு ஜிப் பையில் காற்றை நசுக்கி மூடிவிட்டு உள்ளே வாங்க. ஈரம் பையின் மேல் படியும்.

இன்னொன்று, ஸ்ரீநகர் ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையம். 2025 மே மாதத்திலிருந்து அப்படிப்பட்ட நிலையங்களில், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்கூட, படம் எடுக்கக் கூடாது என்று இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. சொல்லியிருக்கிறது. ஜம்மு, ஜெய்சல்மேர், லே எல்லாம் அந்த வகை. பீர் பஞ்சால் மலை ஜன்னலுக்கு வெளியே வரும்போது கை பரபரக்கும். ஜன்னல் மூடியைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் விமானப் பணிப்பெண் என்ன அறிவிக்கிறார் என்று கேட்டு அப்படியே செய்யுங்க. எடுத்த படத்தை அழிக்கச் சொல்லும்போது, அந்தக் கார்டில் குல்மர்க்கில் எடுத்ததும் இருக்கும். திரும்பும் அன்று பாடியில் காலிக் கார்டு போட்டுக்கொண்டு போங்க, எடுத்த கார்டுகள் உள்சட்டைப் பையில் இருக்கட்டும், ட்ரே வரும்போது பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து விடுங்க.